பதினொன்றாம் பாத்தியில் பொரிப்பூ

1

இந்தத் தை மாதத்தோடு நான் கடல் கடந்து திருவனந்தபுரம் வந்து ஏழு வருடம் முடிகிறது. அதற்கு என் கேத்தல் சாட்சி.

மானிப்பாயிலிருந்து கொண்டுவந்த சாமான்களின் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு உருப்படி. பதினேழாவது உருப்படி: கேத்தல், ஒன்று, பழையது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி, ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு மாதம் கொதிக்க வைத்தால் கேத்தலுக்குள் இன்னொரு கேத்தல் வளர்ந்துவிடும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாத அந்த வெள்ளைப் படிவோடுதான் அது என்னுடன் கப்பலேறியது.

போன ஐப்பசியில் ஒரு காலை அதைக் கழுவும்போதுதான் கவனித்தேன். ஏழு வருடமாக இந்த நகரத்துக் குழாய்த் தண்ணீரைத் தினமும் இரண்டு வேளை கொதிக்க வைத்திருக்கிறேன். அடியிலிருந்த படிவு ஒரு நூலளவும் கூடவில்லை. ஓரங்களில் கொஞ்சம் கரைந்தும் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்ற மகள் சுகந்தி எட்டிப் பார்த்தாள். இங்கே வந்தபோது ஒரு வயது, இப்போது எட்டு.

"அம்மா, ஈ வெள்ளை எவிடுந்து வந்தது?"

"அது மானிப்பாய் வெள்ளை. எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட."

"அப்போ கழுகண்டா," என்றாள். கழுவ வேண்டாமாம். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

நான் கையில் கேத்தலோடு நின்றேன். ஊர் நினைவில் அப்படி நிற்கவில்லை. அலுவலகத்தில் இரண்டு வருடமாகப் பதில் கிடைக்காமல் இருந்த ஒரு கேள்விக்குப் பதில் அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

2

நான் வேலை செய்வது இங்குள்ள ஒரு பொதுப் பூங்காவில். பதவி: தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர். மதராஸில் தாவரவியல் படித்ததற்குக் கிடைத்தது. மண் சோதிப்பது, விதைப் பதிவேடு வைப்பது, செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது என் வேலைகள். பலகையில் மூன்று வரி: பெயர், குடும்பம், பிறப்பிடம்.

தை மாதம் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். திறந்து வைக்க வரும் பெரியவருக்கு ஒரு பூச்செண்டு கொடுப்பார்கள். ரோஜா எங்களிடமே உண்டு. கீரைபோல் மெல்லிய இலைக்கொத்தும் உண்டு. இல்லாதது, ரோஜாவுக்கும் ரோஜாவுக்கும் நடுவில் வெள்ளைப் புகைபோல நிற்கும் அந்தச் சிறு பூ. மயிரிழை போன்ற காம்புகளில் நூற்றுக்கணக்கில் பூக்கும். செண்டில் அதை யாரும் பார்ப்பதில்லை. அது இல்லாவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

புத்தகப் பெயர் ஜிப்சோபிலா. நம்மூரில் மிஷன் டாக்டர் அம்மாவின் பங்களா மதிலோரம் மார்கழியில் பூத்துக் கிடக்குமே, அதுதான். பொரி இறைத்ததுபோல் இருக்கும் என்பதால் பிள்ளைகள் நாங்கள் பொரிப்பூ என்போம். எங்கள் தேவாலயத்தில் நடந்த ஒவ்வொரு கலியாணத்திலும் மணப்பெண்ணின் கையில் அது இருந்தது.

இங்கே அதை மலைப்பூ என்கிறார்கள். வருடந்தோறும் மூணாறிலிருந்து மூங்கில் கூடையில், ஈரத் துணி சுற்றி, பஸ்ஸில் வரும். தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போது பாதி பழுப்பாகியிருக்கும். குளிர் இருந்தால்தான் வளரும் என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு வருடம் இங்கே விதைத்தும் பார்த்தார்கள். விரல் நீளம் வளர்ந்து மஞ்சளாகிச் செத்தது. குளிர் இல்லை, அவ்வளவுதான் என்றார்கள். மானிப்பாய் எந்த மலையில் இருக்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லையென்றால் மண்ணிலும் இருக்காது என்று, கேத்தல் கழுவிய அன்று பூங்கா மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து லிட்மஸ் தாளை நனைத்தேன். நீலத்தாள் சிவந்தது. இந்த ஊர்ச் செம்மண் புளிப்பு மண். பொரிப்பூவுக்கோ சுண்ணாம்பு மண் வேண்டும், ஜிப்சோபிலா என்ற பெயருக்கே ஜிப்சம் என்ற சுண்ணாம்புச் சத்துள்ள கல்லை விரும்புவது என்றுதான் பொருள். அதற்கு இங்கே இல்லாமல் போனது குளிர் அல்ல, சுண்ணாம்பு.

சூப்பரிண்டெண்டிடம் போனேன். அவர் கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும்.

"ரெண்டு தடவை தோத்தாச்சு. மூணாவது தடவை தோக்கறதுக்கு எனக்கு பாத்தி இல்லேம்மா."

"ஐயா, ஒரு பாத்தி தாங்கோ. வளத்துக் காட்டுறன்."

"கவிதை மாதிரி பேசறேளே. எதை வெச்சு வளப்பேள்?"

"சுண்ணாம்பை வச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெத்தலைக்கா, பூவுக்கா?"

நான் சிரிக்கவில்லை. மண் சோதனைத் தாளை மேசையில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. உரக்குழிக்குப் பின்னாடி பதினொண்ணாம் பாத்தியை எடுத்துக்கோங்கோ. ஆனா ஒண்ணு. உங்க வேலை உத்தரவு தை மாசத்தோட முடியறது. ஸ்திரமாக்கணும்னா நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் வேணும்னு மேலேர்ந்து கேக்கறா. அது வர்ற வரைக்கும் நீட்டிக்க நான்தான் எழுதணும். பூத்தா எழுதறேன். பூக்கலேன்னா, நான் எழுதறதுக்கு என்ன இருக்கு, சொல்லுங்கோ."

"ஓம்," என்றேன்.

பேரம் முடிந்தது.

3

நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் என்பது நாம் இந்த ராஜ்யத்துக்காரர் என்று தாசில்தார் கையெழுத்திடும் தாள். அது இல்லாமல் நிரந்தர வேலை இல்லை. என் கணவர் நாகர்கோயில்காரர், இங்கே ஒரு பாங்கில் கணக்கர். அவருக்கு அந்தத் தாள் இரண்டே நாளில் கிடைத்தது.

விண்ணப்பத்தில் பதினாறு கேள்வி. பதினைந்துக்குச் சிரமமில்லை. ஐந்தாவது: பிறந்த இடம். நான் எழுதினேன்: மானிப்பாய், யாழ்ப்பாணம், இலங்கை.

தாசில்தார் அலுவலகக் குமாஸ்தா நல்ல மனிதர். அதை வாசித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, இது சரியாவில்லா."

"ஏன்?"

"இலங்கையில ஜனிச்ச ஆளுக்கு நாட்டுக்காரின்னு எப்படி எழுதித் தர்றது? பர்த்தாவு நாகர்கோயில்தானே. அவிடெ ஜனிச்சேன்னு எழுதுங்கோ. ரெண்டு சாட்சி கையெழுத்து. காரியம் கழிஞ்ஞு."

"நான் அங்க பிறக்கேல்லையே."

"அறியாம், அறியாம்," என்றார், தெரியும் தெரியும் என்று பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல. "ஆரு நோக்கப் போறா? எல்லாரும் இப்படித்தான்."

"நான் பொய் எழுதமாட்டன்."

"இது பொய் இல்லை அம்மா. ஒரு அட்ஜஸ்ட்மெண்டு."

தாளை அப்படியே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாங்கிக்கொண்டார். என்னைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டதாகத் தோன்றியது.

4

கழக்கூட்டத்துப் பக்கம் காயலோரச் சூளைகளில் சிப்பி நீற்றுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு பழவங்காடிக் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். இரண்டு மூட்டை வாங்கிப் பதினொன்றாம் பாத்தியில் கொட்டி, கொத்திக் கலந்து, மேலே கொஞ்சம் தூவினேன். உரக்குழிக்குப் பின்னால் ஆறடிக்கு மூன்றடி வெள்ளை நீள்சதுரம்.

தலைமைத் தோட்டக்காரர் தாணு அண்ணாச்சி நாஞ்சில் நாட்டுக்காரர், தோவாளைப் பக்கம். இருபது வருடமாக இந்தப் பூங்காவில் இருக்கிறார். படித்த பெண் என்றால் இங்கே எல்லாருக்கும் டீச்சர். அவருக்கும் அப்படித்தான்.

"டீச்சர், யாரைப் புதைச்சிருக்கிய?"

"ஒருத்தரையும் புதைக்கேல்லை, அண்ணாச்சி. பூ விதைக்கப் போறன்."

"சுண்ணாம்புலயா? வெத்திலைக் கொடிதான் நடணும்."

இந்தப் பகடியை மூன்று நாளில் ஒன்பது பேர் சொன்னார்கள்.

அண்ணாச்சியின் கையில் எதுவும் பிழைக்கும். அதுதான் எனக்குப் பயம். பொரிப்பூவுக்கு அந்தக் கவனிப்பு ஆகாது. அதனால் தெளிவான கையெழுத்தில் ஏழு விதி எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன்.

ஒன்று, நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக்கூடாது, விதைத்த இடத்திலேயே வளரட்டும்.
இரண்டு, சாணம் வேண்டாம்.
மூன்று, தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலையில் மட்டும்.
நான்கு, மழை வந்தால் ஓலைத்தட்டி போட்டு மூட வேண்டும்.

மற்ற மூன்றும் இப்படியே. கடைசி விதி, பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு வரிசை புதிதாக விதைக்க வேண்டும் என்பது. இந்தப் பூ இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தவருக்கு, வேண்டிய நாளில் பூ இருக்காது.

"வாசிச்சுப் பாருங்கோ, அண்ணாச்சி."

அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி டீச்சர். பாத்துக்கிடுதேன்," என்றார்.

கார்த்திகை நடுவில் முளைத்தது. சாம்பல் பச்சை நிறத்தில் நூல்போல. அடுத்த வாரம் நாலு நாள் எனக்குக் காய்ச்சல், வீட்டில் கிடந்தேன். ஐந்தாம் நாள் வந்து பார்த்தபோது பாத்தி கறுத்து மினுங்கியது. நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தன. ஓரத்தில் சாணக் கரைசல் வாளி.

"அண்ணாச்சி, இதென்ன?"

"வாடிப்போயி நின்னுது, டீச்சர். ரெண்டு நேரமும் தண்ணி விட்டேன். கொஞ்சம் சாணியும் கரைச்சு ஊத்தினேன். பச்சப்பிள்ளை மாதிரில்லா பாத்தேன்."

"சுவரில எழுதி ஒட்டினனான் தானே? வாசிச்சனீங்கள் தானே?"

அவர் மண்வெட்டியின் பிடியில் இருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், டீச்சர். படிச்சது நாலாங்கிளாஸ் மலையாளப் பள்ளிக்கூடம். அந்த எழுத்து தெரியாது."

அவர்மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி என்மேல் விழுந்தது. ஏழு வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். இங்குள்ள தமிழர் பலர் வீட்டில் பேசுவது தமிழ், வாசிப்பது மலையாளம் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள். ஆனாலும் நான் தமிழ் எழுத்தில் ஏழு விதி எழுதி, வேலை முடிந்தது என்று நம்பினேன்.

அன்று மாலை சூப்பரிண்டெண்டு கொட்டகைக்கு வந்தார். பாத்தியைப் பார்த்தார். சுவரையும் பார்த்தார்.

"தெக்கே தமிழ்த் தாலுகாவையெல்லாம் மதராஸோட சேக்கணும்னு கொடி பிடிச்சு எல்லாம் எரிஞ்சிண்டிருக்கற சமயம். சர்க்கார் சுவத்துல தமிழ்ல எழுதி ஒட்டறேளே. கிழிச்சுடுங்கோ."

"கிழிக்கிறன், ஐயா. வேற ஒட்டுவன்."

"இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு தெரியுமோல்லியோ?"

தெரியும். கண்காட்சிக்கு ஐம்பத்திரண்டு நாள். விதைத்துப் பூக்க நாற்பத்தைந்து.

5

சுகந்தியைப் பற்றி உங்களில் பலர் கடிதத்தில் கேட்கிறீர்கள். பிள்ளைக்குத் தமிழ் மறந்துவிட்டதா என்று என் அக்கா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாள். மறக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளம். தமிழை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறேன். 'ழ' வரைக்கும் வந்திருக்கிறோம். அவள் என்னோடு பேசும்போது ஒரு வாக்கியத்தின் தலை நம்மூரிலும் வால் இந்த ஊரிலும் இருக்கும். அது எனக்கு வலித்ததுண்டு. மறைப்பதற்கில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"நான் சொல்லச் சொல்ல எழுது. தமிழ்ச் சொல்லுத்தான். ஆனா உன்ர மலையாள எழுத்தில."

"எந்தினா?"

"அண்ணாச்சி வாசிக்க."

ஏழு விதியும் எழுதினாள். எழுத்து என்னுடையதைவிட அழகு. 'சாணம் வேண்டாம்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, வெறுதே வேண்டாம்னு எழுதினா அங்கிள் கேக்க மாட்டார். எந்துகொண்டுன்னு எழுதணும்."

ஏன் என்பதை என் பட்டியல்களில் நான் எழுதுவதில்லை. அவள் சொன்னது சரி. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு காரணம் சேர்த்தோம். தாள் இரண்டாயிற்று.

அண்ணாச்சி அதைக் கொட்டகை வாசலில் நின்று உதடசைத்து வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"பிள்ளையா எழுதினது?"

"ஓம்."

"நல்லா இருக்கு. அதானே பாத்தேன், சாணி ஏன் ஆகாதுன்னு. சொல்லியிருந்தா செய்வேனா?"

மறுபடி கொத்தினோம், சுண்ணாம்பு கலந்தோம், மார்கழி பிறக்குமுன் விதைத்தோம். மழைக்கு ஓலைத்தட்டி போட்டார். விட்டதும் எடுத்தார். தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு பாத்தி வரை வருவார், தாளை நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

நாற்பத்தேழாம் நாள் காலை நான் வரும்முன்பே அவர் வாசலில் நின்றார்.

"வாங்க டீச்சர். பொணத்தைப் புதைச்ச இடத்துல பொரி எறைச்சுக் கிடக்கு."

உண்மையில் அப்படித்தான் கிடந்தது.

6

கண்காட்சிக்கு முதல் நாள் மூணாற்றுக் கூடையும் வந்தது. வழியில் பஸ் பழுதாகி அரை நாள் வெயிலில் நின்றதாம். திறந்தபோது உள்ளே வைக்கோல்தான்.

அண்ணாச்சி பதினொன்றாம் பாத்தியிலிருந்து பன்னிரண்டு கொத்து வெட்டினார். செண்டுக்கு ஐந்து. மீதி ஏழு ஒரு பூச்சாடியில் காட்சிமேசைக்கு. சாடிக்கு முன்னால் வைக்கும் அட்டை ஏற்கெனவே அச்சடித்து வந்திருந்தது. பிறப்பிடம் என்ற வரியில்: மூணாறு.

நான் அதை எடுத்துவிட்டு வேறு அட்டை எழுதினேன். சூப்பரிண்டெண்டு பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அது இருக்கட்டுமே. தேயிலைத் தோட்டத் துரைகள் கிளப்புதான் வருஷா வருஷம் பூ அனுப்பறது. அவாளும் வருவா. மூணாறுன்னு போட்டா எல்லாருக்கும் சந்தோஷம். யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஐயா, இது மூணாறில வளரேல்லை. மூணாறில பிறக்கவும் இல்லை. துருக்கி, காக்கேசிய மலைப்பக்கம் பிறந்தது. வளந்தது இஞ்ச."

"ஒரு அட்டைதானே."

இது எனக்கு எங்கோ கேட்ட குரலாக இருந்தது. ஒரு அட்ஜஸ்ட்மெண்டு.

"ஐயா, இந்தப் பூங்காவில பலகை எழுதுறது நான்தானே. கேளுங்கோ. மரச்சீனி, அதுதான் மரவள்ளிக் கிழங்கு, தென் அமெரிக்கா. மரமுந்திரி, பிரேசில். ரப்பர், பிரேசில். அன்னாசி, பிரேசில். வாசல்ல நிக்கிற தூங்குமூஞ்சி மரம், தென் அமெரிக்கா. எல்லாம் உண்மையாத்தான் எழுதியிருக்கிறன். இந்த ஊர்ச் சனம் மூண்டு வேளையும் மரச்சீனி தின்னுது. அது எங்க பிறந்ததெண்டு எழுதினதால ஒருத்தரும் அதைத் திருப்பி அனுப்பேல்லை. இதுக்கு மட்டும் ஏன் பொய் எழுத வேணும்?"

நான் இவ்வளவு நீளமாக அவரிடம் பேசியதில்லை. அட்டையை மேசையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டேன். என் உத்தரவு முடிய எட்டு நாள் இருந்தது. நீட்டிப்புக் கடிதத்தை எழுத வேண்டியவர் எதிரே நின்றார்.

அவர் அட்டையை வாங்கி வாசித்தார்.

ஜிப்சோபிலா. பிறப்பிடம்: மேற்கு ஆசியா, காக்கேசியா. வளர்ந்த இடம்: திருவனந்தபுரம், பாத்தி எண் பதினொன்று. வளர்த்தவர்: தாணு.

"வளத்தவர்னு ஒரு வரி நம்ம பலகைல கிடையாதே."

"இந்த அட்டையில இருக்கட்டும்."

"உங்க பேரைக் காணோமே?"

"மண் சோதிக்கிறது என்ர உத்தியோகம், ஐயா."

அவர் அட்டையைச் சாடிக்கு முன்னால் தாமே வைத்தார். கொஞ்சம் கோணலாக இருந்தது. நேராக்கினார். பிறகு யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். துரைமார் வந்தார்கள். ஒருவர் அட்டையைக் குனிந்து வாசித்து, பாத்தியைக் காட்ட முடியுமா என்று கேட்டார். அண்ணாச்சி உரக்குழியைச் சுற்றி அவரை அழைத்துப்போனார். போகும் வழியில் சுண்ணாம்பைப் பற்றித் தமிழிலேயே விளக்கிக்கொண்டு போனார்.

7

நீட்டிப்பு வந்தது. ஆறு மாதம். காரணம் என்ற இடத்தில் சூப்பரிண்டெண்டு ஒரே வரி எழுதியிருந்தார்: இவர் சொன்னது பூத்தது.

நிரந்தரம் வரவில்லை. நேற்று என் விண்ணப்பம் தாலுகா அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. ஐந்தாவது கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு சுழி, பக்கத்தில் 'திருத்துக' என்று.

பூவுக்கு இந்த ஊர் இடம் கொடுத்தது, எனக்கும் கொடுக்கும் என்று நான் எழுதப்போவதாக உங்களில் யாரேனும் நினைத்தால், இல்லை. பூவுக்குச் சர்ட்டிபிகேட் வேண்டியதில்லை. அதற்குச் சுண்ணாம்பு போதும். எனக்கு உத்தியோகம் வேண்டும், அதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். அதைக் கேட்டு வாங்குவேன். பிறந்த இடத்தை விற்று வாங்கமாட்டேன்.

இன்று மதியம் தாசில்தார் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா என்னைக் கண்டதும் நான் உட்கார நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"திருத்தியாச்சா அம்மா?"

"இல்லை. புதுத் தாளில திரும்ப எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்."

வாசித்தார். பதினாறு பதிலும் முன்புபோலவே இருந்தன, ஒரு எழுத்தும் மாறாமல்.

"இதும் திரிச்சு வரும்."

"வரட்டும். பத்து நாளுக்கு ஒருக்கா கொண்டுவந்து தருவன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று குத்தினார். மை போதவில்லை. ஊதிவிட்டு இன்னொரு முறை அழுத்திக் குத்தினார்.

அங்கிருந்து பூங்காவுக்குத் திரும்பினேன். இன்று விதைக்கும் நாள். அண்ணாச்சி ஏழாவது வரிசைக்குக் கோடு கீறி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.